உள்ளே விட்ட துணி

ஓர் ஊரில் பரிமளம் என்றொரு தையல்காரி இருந்தாள். அவள் கடைச் சுவரில் ஒரு பை தொங்கும். வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளெல்லாம் அதற்குள் கிடக்கும். குளிர் தொடங்குவதற்குள் மகளுக்கு ஓர் ஒட்டுப்போர்வை தைத்துவிட வேண்டும் என்று ஒருநாள் பையைத் தரையில் கொட்டினாள். போர்வையில் இடம் கிடைக்காத துண்டுகள் எதிரிலிருந்த மெக்கானிக் கடைக்குக் கிரீஸ் துடைக்கப் போகும். இது எல்லாத் துண்டுகளுக்கும் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பட்டுத் துண்டு இருந்தது. கல்யாண ரவிக்கை தைத்து மிஞ்சியது. அதில் ஒரு மயில், கொண்டை முதல் கால் வரை முழுசாக. மூக்கு மட்டும் துணியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்த மூக்கினால் மயில்துண்டுக்கு நிம்மதியே இல்லை. யார் பக்கத்தில் வந்தாலும் மூக்கைப் பறிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைக்கும்.

பரிமளம் அதன் பக்கத்தில் காக்கியைக் கொண்டுவந்து வைத்தாள். பஸ் கண்டக்டருக்குப் பேண்ட் தைத்து மிஞ்சிய துண்டு. தடித்த துணி, அதிகம் பேசாது.

"இவனை எதுக்கு இங்க வெக்கறாங்க?" என்று மயில்துண்டு, மறுபக்கம் கிடந்த பாவாடைத் துண்டைக் கேட்டது.

"அவர் பாட்டுக்கு இருக்கறார். உனக்கென்ன?"

"டிக்கெட் எடுத்தியான்னு கேக்கற மாதிரியே பாக்கறான். அதுவும் மூக்குப் பக்கமாவே."

பாவாடைத் துண்டு சிரித்தது. மயில்துண்டுக்கு அதன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது சாக்பீஸ் கோடு போட வந்தது. தையலுக்காக ஒவ்வொரு துண்டும் ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட வேண்டும். தைத்ததும் அந்த ஓரம் உள்பக்கம் போய்விடும், வெளியே தெரியாது.

"ஒரு விரலா? மூக்கு போயிருமே" என்று பதறியது மயில்துண்டு.

"எல்லாருக்கும் அதே அளவுதான்" என்றது சாக்பீஸ்.

"தச்சு மூடின பொறவு யாரு உள்ள பாக்கப் போறா? நீ ஆளுக்குத் தக்கபடி போடுவே."

சாக்பீஸ் காக்கியிடம் நகர்ந்தது. காக்கி தாழ்ந்த குரலில் அதனிடம் ஏதோ சொன்னது. சாக்பீஸும் சரியென்றது. மயில்துண்டு அதைக் கவனித்துக்கொண்டிருந்தது. இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டன என்று முடிவு கட்டிவிட்டது.

அதனால் மிஷினில் ஊசிக்கு அடியில் போகும்போது அது நைசாகப் பின்வாங்கியது. தையலில் மாட்டியது நாலு நூல்தான். மூக்கு தப்பியது. யாரிடம் உங்கள் வேலையைக் காட்டுகிறீர்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது.

போர்வை முடிந்தது. பரிமளமும் அவள் கணவன் ராசப்பனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினார்கள். ஒரே உதறலில், பட்டும் காக்கியும் சேர்ந்த இடம் டர்ரென்று பிரிந்தது.

"ஏனுங்க, மெதுவா உதறக்கூடாதா?" என்றாள் பரிமளம்.

"நானென்ன பண்ணுனேன்? மத்ததெல்லாம் நிக்குதில்ல. இது மட்டும் நூல் நூலா வருது பாரு. பிச்செடுத்துட்டு வேற துண்டு வெச்சுத் தையி. இது கிரீஸ் தொடைக்க ஆகும்."

மயில்துண்டு எதிரிலிருந்த மெக்கானிக் கடையைப் பார்த்தது. பிரிந்த இடத்தின் வழியாக, போர்வையின் உள்பக்கம் அதற்கு முதன்முதலாகத் தெரிந்தது. பாவாடைத் துண்டு பாதிப் பூவை உள்ளே விட்டிருந்தது. லுங்கித் துண்டு ஒரு கட்டத்தையே விட்டிருந்தது. காக்கி ஒரு விரலுக்கு இரண்டு விரலாக விட்டிருந்தது.

"எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டது மயில்துண்டு.

"பட்டு சீக்கிரம் நூல் பிரியும். பக்கத்துல இருக்கறவன் கொஞ்சம் சேர்த்து விட்டா ஒரு ஆபத்துக்கு ஆகும்னு சாக்பீஸ்கிட்டச் சொன்னேன். வேறொண்ணுமில்ல" என்றது காக்கி.

மயில்துண்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பரிமளம் பிரிந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். "இருங்க. காக்கி உள்ள அகலமாக் கெடக்குது. இதை வெளிய எடுத்து, பட்டு மேல மடிச்சுப் போட்டுத் தச்சா நிக்கும். மயிலு மூக்குத்தான் மறைஞ்சிரும்."

"மூக்கில்லாத மயிலு எதுக்கு?"

"குளுருக்கு மூக்கையா போத்தறோம்?" என்று ஊசியில் நூல் கோத்தாள்.

காக்கி மெல்ல வெளியே வந்தது. மயிலின் மூக்கருகே வந்ததும் தயங்கி நின்றது.

"இத்தோட நிறுத்திக்கட்டுமா?"

மயில்துண்டு பிரிந்து தொங்கிய தன் நூல்களைப் பார்த்தது.

"இன்னுங் கொஞ்சம் மேல வாங்கண்ணா" என்றது.