சிவப்பி கத்தினால் மேற்கே ஓடு

கோரையேரியில் ஒரு முட்டை காணாமல் போனால் போதும், எல்லோருடைய தலையும் மேற்குக் கரைப் பக்கம் திரும்பும். அங்கேதான் கீரிகள் இருந்தன.

கீரிகள் ஏரிக்குப் புதியவை. பக்கத்து முள்ளுக்காட்டில் தீப் பிடித்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவை. ஏரிக்கு ஒரு சட்டம் உண்டு. வெளியிலிருந்து யார் வந்தாலும் மதகடியில் நிற்க வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், தலைவரான கூழைக்கடாப் பறவை தலையசைத்த பிறகுதான் உள்ளே வர வேண்டும். கீரிகள் அதெல்லாம் செய்யவில்லை. வறண்ட வாய்க்கால் வழியாகப் புகுந்து, மேற்குக் கரைப் புதரில் குடியேறிவிட்டன. முதுகில் தீ சுடும்போது மதகு எங்கே என்று யார் தேடுவார்கள்? ஆனாலும் சட்டம் சட்டம்தானே!

ஏரிக்குக் காவல் சிவப்பி. அவள் ஓர் ஆட்காட்டிக் குருவி. நீளமான மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு, ஊரைக் கூட்டும் தொண்டை. முன்பின் தெரியாத உருவம் அசைந்தால் கத்தித் தீர்த்துவிடுவாள். தெரிந்த முகம் என்றால் வாயே திறக்கமாட்டாள். அவள் அம்மாவும் அப்படித்தான், அம்மாவைப் பெற்றவளும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் காவல் என்றால் அதுதான்.

கீரிகள் வந்ததிலிருந்து அவள் தொண்டைக்கு ஓய்வே இல்லை. ஒரு கீரி தண்ணீர் குடிக்க வந்தாலும் கத்தல், ஒரு கீரி முதுகைச் சொறிந்தாலும் கத்தல். அவள் கத்தியதும் ஏரியே கூடுகளை விட்டுவிட்டு மேற்குக் கரைக்குப் பறந்தடித்துக்கொண்டு ஓடும். திரும்பி வந்து பார்த்தால் யார் கூட்டிலாவது முட்டை குறைந்திருக்கும்.

"பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்பார் பாறையப்பன்.

பாறையப்பன் ஓர் உடும்பு. இந்த ஏரியிலேயே பிறந்து, இந்த ஏரியிலேயே பருத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். சிவப்பி குஞ்சாக இருந்தபோதிலிருந்து பார்த்த முகம். அவர் பக்கத்தில் நடந்துபோனால் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள்.

ஒருநாள் உண்மையாகவே ஒரு கீரி பிடிபட்டது. மொட்டைவாலன் என்று ஒரு தடியன். கானாங்கோழி மரகதத்தின் முட்டையை உருட்டிக்கொண்டு போகும்போது கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். ஏரி கொதித்துப்போயிற்று. கூழைக்கடாத் தலைவர் கூட்டம் போட்டார். கூட்டமா அது? சந்தை தோற்றது.

கீரிகள் எல்லாவற்றையும் துரத்து என்றது ஒரு பக்கம். காடு இன்னும் கரியாகக் கிடக்கிறதே, குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும் என்றது இன்னொரு பக்கம். கேட்காமல் புகுந்தவர்களை இன்றைக்கு விட்டுவிட்டால் நாளைக்கு நரி வந்து நிற்கும், அப்போது என்ன சொல்வீர்கள் என்று நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்ட நாமக்கோழிகள் கேட்டன. அதுவும் நியாயமான கேள்விதான்.

கீரிகளின் சார்பில் பூவாலி என்றொருத்தி முன்னால் வந்தாள். கைக்குட்டிக்காரி.

"மொட்டைவாலன் செஞ்சது தப்பு. அவனைத் தண்டிங்க. கேக்காம வந்தது எங்க எல்லாருடைய தப்பு. இப்போ கேக்கறோம். ஆனா மத்த முட்டைகளை நாங்க தொடலை."

பாறையப்பன் நாக்கை ஒருமுறை நீட்டி இழுத்தார். "முட்டை திங்கிற கூட்டம், முட்டையைத் தொடலைங்குது. கேட்டுக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிவப்பியும் சிரித்தாள். கிழக்குக் கரைக் கூழாங்கற்களுக்கு நடுவில் அவளுடைய நான்கு முட்டைகள் கிடந்தன. முதல் ஈடு, வாழ்நாளில் அவள் முதன்முதலாக இட்டவை. அவற்றை நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. "கீரி எல்லாத்தையும் அனுப்பிடுங்க தலைவரே" என்று முதலில் குரல் கொடுத்தவளே அவள்தான். தலைவரும் சரி என்று தலையசைத்துவிட்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் வெளியேற்றம். அடடா, என்ன ஆரவாரம்! தவளை முதல் கொக்கு வரை ஒன்று பாக்கியில்லாமல் மேற்கே கிளம்பின. ஊரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா, நான் இருக்கிறேன் என்றார் பாறையப்பன். அண்ணனுக்குத்தான் என்ன நல்ல மனசு என்று எல்லோரும் உருகிப் போனார்கள்.

சிவப்பி கூட்டத்துக்கு மேலே பறந்துகொண்டு போனாள். பாதி வழியில் வெயில் முதுகில் உறைத்தது. ஐயோ, முட்டை! ஆட்காட்டிகள் கூடு கட்டுவதில்லை, வெறும் கல்லில்தான் முட்டையிடும். வெயில் ஏறினால் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்து குளிர்விக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே வெந்துபோகும். சிவப்பி சட்டென்று திரும்பினாள். ஏரியில் வயிற்றை முக்கினாள். சொட்டச் சொட்டக் கிழக்குக் கரையில் வந்து இறங்கினாள்.

கூழாங்கற்களுக்கு நடுவே பாறையப்பன் படுத்திருந்தார். வாயெல்லாம் மஞ்சள் கரு. நான்கு முட்டைகளில் இரண்டைக் காணோம்.

சிவப்பி வாயைத் திறந்தாள். கத்தல் வரவில்லை. தெரிந்த முகத்தைப் பார்த்துக் கத்தி அவளுக்குப் பழக்கமே கிடையாது. "அண்ணா, நீங்களா?" என்றுதான் வந்தது.

"காவல் இருக்கேன் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது முட்டையைக் காலால் பக்கத்தில் இழுத்தார்.

அப்புறம் கத்தினாள் பாருங்கள், ஏரித் தண்ணீரே அதிர்ந்தது! பாய்ந்து பாய்ந்து அவர் தலையில் கொத்தினாள். உடும்புத் தோல், குருவிக் கொத்துக்கு அசையுமா? யாராவது வருகிறார்களா என்று மேலே எழும்பிப் பார்த்தாள். மொத்தக் கூட்டமும் இன்னும் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது.

ஓடாமல் என்ன செய்யும்? சிவப்பி கத்துகிறாள் என்றால் இன்னும் கீரிகள் வருகின்றன என்றுதானே அர்த்தம்? அப்படிப் பழக்கியவளே அவள்தானே?

வாய்க்கால் ஓரத்தில் ஒருத்தி மட்டும் நின்றாள். பூவாலி. தன் ஆட்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். அப்போ அவ யாரைப் பார்த்துக் கத்துறா?"

கேள்வியைக் காதில் வாங்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பூவாலி குட்டியைத் தங்கையிடம் கொடுத்தாள். எடுத்தாள் ஓட்டம். கோரைக்குள் புகுந்து, சேற்றைத் தாண்டி, கிழக்குக் கரையில் வந்து பாறையப்பன் வாலைக் கவ்விப் பிடித்தாள். அவர் வாலை விசிறி அடித்தார். அவள் தோளில் ரத்தம் வந்தது. பிடியை விடவில்லை.

இதற்குள் நாமக்கோழிகள் கூச்சல் போட்டன. கீரி ஒன்று தப்பித்து உள்ளே ஓடுகிறது, விடாதே, பிடி! இப்போதுதான் கூட்டம் திரும்பியது. முட்டையைக் காப்பாற்ற வராத கூட்டம், கீரியைப் பிடிக்கக் குதித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

"இவதான் தின்னா. நான் தடுக்க வந்தேன்" என்றார் பாறையப்பன், மஞ்சள் கரு ஒட்டிய வாயோடு.

தலைவர் சிவப்பியைப் பார்த்தார். "கீரிதானே?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. நேற்றுவரை சொன்னதும் அதுதானே? சிவப்பிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்லை தலைவரே. அண்ணன்தான் தின்னார். நான் கத்தின நேரமெல்லாம் அவருக்குச் சாப்பாட்டு நேரமா இருந்திருக்கு. கீரி வந்திருக்காட்டி எனக்கு ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

எல்லோருடைய தலையும் இப்போது பாறையப்பனின் மஞ்சள் வாய்ப் பக்கம் திரும்பியது. ஒரு நாமக்கோழி மட்டும், என்ன இருந்தாலும் பாறையப்பன் நம்ம ஊர்க்காரர் ஆச்சே என்று இழுத்தது. கானாங்கோழி மரகதம் அதன் முன்னால் வந்து நின்றாள்.

"தின்னது எந்த ஊர்னு என் முட்டைக்குத் தெரியுமா?"

தலைவர் தீர்ப்புச் சொன்னார். மொட்டைவாலனும் பாறையப்பனும் ஒரே வாய்க்கால் வழியாக, ஒருவர் பின்னால் ஒருவராக வெளியே போனார்கள். மற்றக் கீரிகளை மதகடியில் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் பெயர் சொன்னது. தலைவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

சிவப்பி மறுபடி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தாள். நான்கு முட்டைகளுக்கு விரித்துப் பழகிய இறகை இரண்டு முட்டைகளின் மேல் விரித்து உட்கார்ந்தாள். போன இரண்டுக்காகவும் அழுதாள்.

குற்றம் நடந்தால் செய்தவனைத் தேட வேண்டும்; வந்தவனையே பார்த்துக்கொண்டு நிற்பவன் கூட்டில்தான் திருடன் கவலையில்லாமல் சாப்பிடுவான்.