பதினைந்து விநாடி

"ஏன் மேடம் கையெழுத்துப் போட மாட்டேங்குறீங்க?" என்று கேட்டாள் தவமணி.

ஷமீமா படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் திருப்பினார்.

"இடமே இல்லையேக்கா."

"எதுக்கு இடம்?"

ஷமீமா படிவத்தை மேசையில் வைத்தார். ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். அன்றைக்கு அவர் பார்த்த இருபத்தேழாவது படிவம் அது. மே மாதத்து மதியம். மின்விசிறி பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆசிரியைக்கு வயது முப்பத்துநான்கு, மாணவிக்கு நாற்பத்துமூன்று. இவர் அவளை அக்கா என்பார். அவள் இவரை மேடம் என்பாள். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை. சங்கடப்படத் தெம்பு வேண்டுமே.

படிப்பின் பெயர் நடத்தை நரம்பியல். மூளை நம்மை எப்படி நடக்க வைக்கிறது, நாம் நடந்தது மூளையை எப்படி மாற்றுகிறது என்று படிப்பது. நான்கு வருடம், எட்டு செமஸ்டர். முதல் வருடம் முடிந்ததும், மிச்சம் இருப்பதை எப்போது எப்படிப் படிக்கப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் கட்டம் கட்டமாக எழுதித் தர வேண்டும்.

அவசரக்காரர்கள் மிச்சமுள்ள மூன்று வருடத்தை இரண்டாக இறுக்கிக்கொள்ளலாம். விதி அனுமதித்தது. ஆலோசகரின் கையெழுத்தை வாங்கி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அலுவலக ஜன்னலில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் பழையபடி நான்கு வருடம். ஒரு நிமிடம் தாமதித்தாலும் அப்படித்தான்.

தவமணியின் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் புள்ளியியல் இருந்தது. சனிக்கிழமையும் இருந்தது. பாடத்துக்கு ஒரு நிறம் என்று கலர் பென்சிலால் தீட்டியிருந்தாள்.

பாதியில் நிற்பது அவளுக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கு உப்பைக் குறைக்கும்படி டாக்டர் சொன்னபோது, உப்பு டப்பாவையே பரணில் ஏற்றிவிட்டவள்.

"இது எட்டாவது செமஸ்டர் பாடம்" என்று ஷமீமா ஒரு சிவப்புக் கட்டத்தில் விரலை வைத்தார். "மொழியும் மூளையும். இதை நாலாவதுக்கு இழுத்துட்டு வந்திருக்கீங்க."

"ஆமா மேடம்."

"இதுக்கு முன்னாடி படிக்க வேண்டியது ஒன்பது பாடம் இருக்கு."

"அதையெல்லாம் மூணாவதுல அடைச்சிட்டேன்."

"ஏன்க்கா?"

"வர்ற ஏப்ரலோட அவர் விழுந்து ரெண்டு வருஷம் ஆகுது மேடம். அதுக்குள்ள வர்ற பேச்சுதான் பேச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஷமீமா சிவப்புக் கட்டத்திலிருந்து விரலை எடுத்தார்.

"இந்தப் பாடத்துல என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க?"

"ஏதாவது வழி இருக்கும்ல மேடம்."

அந்தப் பாடத்தை ஆறு வருடமாக நடத்துகிறவர் ஷமீமா. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவருக்குத் தெரியும். படிவத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் செல்லையா உட்கார்ந்திருந்தார். தவமணியின் கணவர். வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர அவளுக்குப் பயம். ஒருநாள் கேஸைத் திறந்துவிட்டு, பற்ற வைக்க மறந்து நின்றிருக்கிறார்.

இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு படியில் தொங்கிய மனிதர். போன வருடம் ஏப்ரலில் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது. காலும் கையும் மெல்லத் திரும்பிவிட்டன. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது.

தவமணி அப்போது ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். பதினைந்து வருடமாகக் கவர் கொடுக்கிற வேலை. படம் உள்ளே இருக்கும். பிரிக்கக் கூடாது. ஒருநாள் கவரின் மேல் 'செல்லையா, 51' என்று எழுதியிருந்தது. அன்றைக்கும் அவள் பிரிக்கவில்லை. கவரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் படத்தில் இருப்பதைப் படித்தே தீருவது என்று ஜூலையில் வந்து கல்லூரியில் சேர்ந்தாள்.

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்று ஷமீமா செல்லையாவிடம் கேட்டார்.

"சாப்பிட்டாரு மேடம்" என்றாள் தவமணி.

"என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி மேடம். நாலு."

"நல்லா இருந்துச்சா?"

"இட்லின்னா அவருக்கு உசுரு மேடம்."

"ரைட்" என்றார் செல்லையா.

அந்த ஒரு சொல்தான் மிஞ்சியது.

ஷமீமா அவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அக்கா, நாளையிலேர்ந்து தொட்டி ரூமுக்கு வாங்க. ஆறு எலி தரேன்."

"கையெழுத்து?"

"எலி நீந்தட்டும்."

தொட்டி வட்டமானது. ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு அகலம். தண்ணீரில் பால்பவுடர் கலந்து வெளுப்பாக்கியிருப்பார்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன மேடை. எலியை ஓரத்தில் விட வேண்டும். அது நீந்தித் தேடி மேடையில் ஏற வேண்டும். ஏற எத்தனை விநாடி என்று குறிக்க வேண்டும். ஒரு எலிக்கு ஒரு நாளைக்கு நான்கு தடவை. நாளாக ஆக எலி இடத்தைக் கற்றுக்கொள்ளும், விநாடி குறையும்.

மற்ற மாணவர்களின் எலிகளுக்கு விநாடி குறைந்தது. அறுபதில் தொடங்கி, நான்காம் நாள் பதினைந்துக்கு வந்தன.

தவமணியின் எலிகள் முதல் நாள் அறுபது. நான்காம் நாள் ஐம்பத்தைந்து.

திங்கட்கிழமை அவள் ஷமீமாவின் அறைக்கு வந்து நின்றாள். முன்கை முழுக்க நகக் கீறல்கள்.

"எனக்கு வாய்ச்ச ஆறும் மக்கு மேடம்."

"அப்படியா."

"சொன்னது சொன்னபடி செய்யுறேன். ஒரு நிமிஷம் வீணாக்குறதில்ல. எல்லாரும் சாயங்காலம் வரைக்கும் எடுத்துக்குறாங்க, நான் மத்தியானமே முடிச்சிடுறேன்."

ஷமீமாவுக்கு அன்று தலைவலி. இருந்தாலும் எழுந்து வந்தார். தொட்டியின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தவமணி ஒரு எலியை விட்டாள். அது சுற்றிச் சுற்றி நீந்தியது. ஐம்பத்தோராவது விநாடியில் தட்டுத்தடுமாறி மேடையில் கால் வைத்தது. வைத்த வேகத்தில் தவமணி அதைத் தூக்கித் துண்டில் சுற்றினாள். அடுத்த கையில் அடுத்த எலி.

ஷமீமா துண்டில் இருந்த எலியைப் பார்த்தார்.

இரண்டாவது எலி நீந்தியது. ஏறியது. தவமணி கையை நீட்டினாள்.

ஷமீமா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"மேடம்?"

ஷமீமா விடவில்லை.

எலி மேடையில் நின்றது. உடம்பை உதறிக்கொண்டது. முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்தது. பிறகு பின்னங்காலில் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது. சுவரைப் பார்த்தது, காலண்டரைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தது. கடைசியாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களையும் பார்த்தது.

"இப்ப எடுங்க" என்று ஷமீமா கையை விட்டார்.

சுவரில் செய்முறைத் தாள் ஒட்டியிருந்தது. ஆறாவது வரி: எலி மேடையில் ஏறியதும் பதினைந்து விநாடி அப்படியே விடவும். தவமணி அதை முதல் நாளே படித்திருந்தாள். ஏறியதுதான் ஏறிவிட்டதே, இன்னும் எதற்கு நிற்க வேண்டும் என்று விட்டிருந்தாள்.

அடுத்த நாள் அவளுடைய எலிகள் நாற்பதுக்கு வந்தன. புதன்கிழமை இருபதுக்கு. காதில் கறுப்பு மை வைத்த ஒன்று ஒன்பதே விநாடியில் நேராகப் போய் ஏறி நின்றது. தவமணிக்கு அதைக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது.

புதன் மாலை படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு.

"புரிஞ்சிடுச்சு மேடம்."

வியாழக்கிழமை மூன்றாவது மணியில் ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. ரப்பரால் அழுத்தி அழித்ததில் தாள் மெலிந்திருந்தது.

"இது என்னக்கா?"

"காலி மேடம். இடம் இல்லைன்னு சொன்னீங்கள்ல."

"இந்த நேரத்துல என்ன செய்வீங்க?"

"எலி நோட்டை எழுதிடுவேன்."

ஷமீமா சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. படிவத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்குத் தவமணி வந்தபோது முகத்தில் எந்தத் தெளிவும் இல்லை. படிவத்தை மேசையில் போட்டுவிட்டு, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். வெள்ளைக் கட்டத்தில் மறுபடியும் கலர் ஏறியிருந்தது.

"எனக்கு முடியல மேடம். போட்டா போடுங்க, இல்லாட்டி கிழிச்சிடுங்க."

ஷமீமா காத்திருந்தார்.

"அவர் எங்கிட்ட பேசணும் மேடம். அவ்வளவுதான். எனக்கு டிகிரி வேணாம், ஒரு மண்ணும் வேணாம். காலையில எந்திரிச்சதுலேர்ந்து நான்தான் கேக்குறேன், நான்தான் பதில் சொல்லுறேன். ஒரு வருஷமா வீட்டுல என் சத்தம் மட்டும்தான் கேக்குது. என் சத்தத்தைக் கேட்டு எனக்கே சலிச்சிடுச்சு."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஷமீமா பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார்.

தவமணி அதை நம்பாமல் பார்த்தாள்.

"உங்க படிப்பு. உங்க வீடு" என்றார் ஷமீமா. "வாங்க, ஜன்னல் வரைக்கும் நானும் வரேன்."

மணி நாலு ஐம்பத்து மூன்று.

நடைபாதையில் செல்லையா அதே பெஞ்சில் இருந்தார். அலுவலக ஜன்னல் நடைபாதைக் கோடியில். இருபது எட்டு வைத்தால் போதும்.

ஷமீமா பெஞ்சின் முன்னால் நின்றார்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"சாப்பிட்டாரு மேடம்" என்றாள் தவமணி. அவள் கண் ஜன்னலில் இருந்தது.

"ரைட்" என்றார் செல்லையா.

"என்ன சாப்பிட்டீங்க?"

"இட்..." என்று தொடங்கிய தவமணி எதேச்சையாகத் திரும்பினாள்.

செல்லையா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டீஸ் பலகையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மேலே விசிறியைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை அவள் திங்கட்கிழமையிலிருந்து தொட்டி ஓரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய வாய் திறந்தபடி இருந்தது. வலது கை, அவர் தோளைத் தட்டிப் பதிலைத் தானே சொல்லிவிடும் வழக்கப்படி, பாதி நீண்டிருந்தது.

ஷமீமா நகரவில்லை. கையை நீட்டவும் இல்லை.

தவமணி தன் இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டுக்கும் நடுவில் படிவம் கசங்கியது.

மூன்று விநாடி. ஐந்து.

செல்லையாவின் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டது.

எட்டு. ஒன்பது.

சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. அவள் பல்லைக் கடித்தாள்.

பதினொன்று. பன்னிரண்டு.

"இட்... லி" என்றார் செல்லையா.

தவமணியின் கண்ணில் நீர் தளும்பியது. அவள் கையை விடவில்லை. அவர் இன்னும் விசிறியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

"உப்... உப்பு..."

அவள் காத்திருந்தாள்.

"இல்ல" என்றார்.

பிறகு அவளைப் பார்த்தார். முறைத்துப் பார்த்தார். கல்யாணமான புதிதில் குழம்பு சரியில்லை என்றால் அப்படித்தான் பார்ப்பார்.

தவமணி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அவளைக் குலுக்கின.

"எம்புட்டு நாளா இதைச் சொல்லப் பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

செல்லையா மறுபடியும் சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

நடைபாதைக் கோடியில் ஒருவர் ஜன்னல் கதவின் கொக்கியைக் கழற்றினார்.

"அக்கா" என்றார் ஷமீமா மெதுவாக. "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. மூடப் போறாங்க."

தவமணி திரும்பவில்லை.

"இருங்க மேடம். அவர் இன்னும் சொல்லி முடிக்கல."