கால்வாய்ச் சுவரில் ஒட்டிய சாயம்

மஞ்சணத்திக் காட்டில் செவந்தி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். பொல்லாத கோபக்காரி. கோபம் வந்தால் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். கரடியார்கூட நாலடி தள்ளித்தான் நிற்பார்.

அந்தக் காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு கால்வாய்ச் சுவர் ஓடியது. என்றைக்கோ மனிதர்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. தண்ணீரும் நின்றது, மனிதர்களும் போய்விட்டார்கள். சுவர் மட்டும் அசையவில்லை. கிழக்கே இருந்தவர்கள் கிழக்கே, மேற்கே இருந்தவர்கள் மேற்கே!

போன மழையில் சுவர் ஓரிடத்தில் உடைந்தது. யானையே நுழையலாம், அவ்வளவு பெரிய உடைப்பு! ஆனாலும் யாரும் தாண்டவில்லை. ஏன் தெரியுமா? சுவர் முழுக்க மிரட்டல்! தினமும் காலையில் போய், 'இந்தப் பக்கம் வராதே' என்று அடையாளம் வைத்துவிட்டு வருவது இரண்டு பக்கத்தாருக்கும் வழக்கம். சிலர் நகத்தால் கீறுவார்கள். சிலர் கொம்பால் இடிப்பார்கள். சிலர் காலைத் தூக்கிவிட்டு வருவார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுமே எவருக்கும் கால் பின்வாங்கிவிடும்.

இந்தக் கோடையில் கிழக்குக் குளம் வற்றிவிட்டது. செவந்தியின் மூன்று குட்டிகளும் சேற்றை நக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தன. மேற்கேயோ தாமரைக் குளம் தளும்பி நிற்கிற வாசனை காற்றில் வந்தது. குட்டிகள் இன்னும் இரண்டு நாள் தாங்கினாலே அதிகம். செவந்தி கரடியாரிடம் ஓடினாள்.

"அந்தப் பக்கம் போய்த்தான் பார்ப்போமே, அண்ணே!" என்றாள் கரடியாரிடம்.

"ஐயையோ! மேற்கத்திக்காரங்க மிதிச்சே கொன்னுடுவாங்கன்னு நரியார் சொன்னாரே, தாயி!"

நரியார் குருநாதன் சுவர்மேலேயே குடியிருப்பவர். இரண்டு பக்கத்துக்கும் தாமே காவல் என்று சொல்லிக்கொள்வார். பயம் இருக்கும்வரை இரண்டு பக்கத்திலிருந்தும் அவருக்கு உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு!

செவந்தி முள்ளைச் சிலிர்த்தாள். "வராதேன்னு சுவத்துல போட்டது நாமதானே? நாமே 'வாங்க'ன்னு போட்டா என்ன? உடைப்பு ஓரமெல்லாம் படம் போடுவோம்! அவங்களும் பார்க்கட்டும்!"

காடே கிளம்பிவிட்டது! நாவல்பழத்தை நசுக்கி ஊதா எடுத்தார்கள். செம்மண் குழைத்தார்கள். காட்டு மஞ்சளை இடித்தார்கள். உதிர்ந்த முள்ளால் செவந்தி வரைந்தாள். மான்கள் குளம்பைத் தோய்த்துப் பதித்தன. அணில்கள் வாலால் இழுத்து விளாசின!

ஆனால் சாயம் ஒட்டாமல் வழிந்தது.

"இதுக்கா கவலை? தேனைக் கலக்குங்க! தேன் ஒட்டாத இடம் உண்டா?" என்று கரடியார் ஒரு தேனடையையே பிழிந்து ஊற்றினார். அட, பிடித்துக்கொண்டதே! செவந்தி தன் மூன்று குட்டிகளையும் வாய் பிளந்து நிற்பதுபோல வரைந்து முடித்தாள். அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

உச்சி வெயிலில் எல்லோரும் நிழலில் கண்ணயர்ந்தார்கள். எழுந்து வந்து பார்த்தால், பாதிப் படத்தைக் காணோம்! வரைந்த மூன்று குட்டிகளில் இரண்டைக் காணோம்!

"பார்த்தீங்களா? மேற்கத்திக்காரங்க அழிச்சுட்டாங்க! இதைவிட அவமானம் உண்டா?" என்று மேலிருந்து ஊளையிட்டார் நரியார்.

கிழக்குக் காடு கொதித்தது. "விடாதே! முட்டு!" என்று பன்றிகள் மண்ணைப் பறித்தன. உடைப்புக்கு அந்தப் பக்கமோ காட்டெருமை வீராயி தன் கூட்டத்தோடு கொம்பைத் தாழ்த்தி நின்றாள். அவளிடம் நரியார் என்ன ஓதி வைத்திருந்தாரோ!

செவந்தியும் பாயத்தான் போனாள். கடைசி நொடியில் அவள் மூக்கு சுவரில் பட்டது. ஈரம்! எச்சில் ஈரம்! யாரும் அழிக்கவில்லை, யாரோ நக்கியிருக்கிறார்கள்!

"நில்லுங்க!" என்று அலறினாள். "எல்லாரும் நாக்கை நீட்டுங்க! முதல்ல நம்ம பக்கம்!"

நாக்குகள் நீண்டன. கரடியாரின் நாக்கில் நாவல்பழ ஊதா!

"ரெண்டே ரெண்டு நக்குத்தான், தாயி! தூக்கமே வரலை. தேனாச்சே!" என்று நெளிந்தார் கரடியார்.

வீராயி உர்ரென்று மூச்சு விட்டாள். பிறகு அவளும் நாக்கை நீட்டினாள். அவள் கூட்டமும் நீட்டியது. ஒரு நாக்கிலும் சாயமில்லை! கிழக்கத்திக்காரர்களுக்கு வெட்கமாகிவிட்டது.

நரியார் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"ஏன் நரியாரே, அது சண்டைக்குக் கூப்பிடுற படம்னு எங்ககிட்டச் சொன்னீரே! இப்ப பேசும்!" என்றாள் வீராயி.

"அது வந்து…" என்று வாயைத் திறந்தார் நரியார். பல்லெல்லாம் ஊதா, நாக்கெல்லாம் மஞ்சள்! இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்த சிரிப்பில் சுவரே குலுங்கியது. பிடித்தார் ஓட்டம்!

வீராயி படத்தில் மிஞ்சியிருந்த குட்டியை உற்றுப் பார்த்தாள். "இது ஏன் வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கு?"

"தண்ணிக்கு, மதினி. எம்பிள்ளைங்க சாகக் கிடக்குதுங்க."

"அடிப்பாவி! இதை ஒரு வார்த்தை வந்து கேட்கக் கூடாதா? ஓடு, கூட்டிட்டு வா!"

செவந்தி ஓடினாள். மூன்று குட்டிகளும் தள்ளாடித் தள்ளாடி உடைப்பைத் தாண்டின. தாமரைக் குளத்தில் வாய் வைத்தன. வயிறு புடைக்கக் குடித்தன! செவந்தி வாய்விட்டு அழுதாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்று மாலையே இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து, மிரட்டல் கீறல்களின் மேலேயே புதுப்படம் போட்டார்கள். இந்தத் தடவை கலந்தது கசக்கும் வேப்பம்பிசின்!

எதிர்ப்பக்கத்தைப் பழிக்கும் முன் தன் நாக்கைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, பிரித்து வைத்த சுவரும் கூடி மகிழும் இடமாகிவிடும்.