முப்பத்தாறு பேர்

ஒரு குருவிடம் ஒரு சீடர் வந்து சேர்ந்தார். குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு அறுபது.

குருவின் பெயர் ஜெபக்கனி. கோவில்பட்டியில் ஒரு பத்திரிகைக்கு இருபது வருடமாக விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய பத்தி வரும். சீடர் சிதம்பரநாதன், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். ஒன்பதாம் வகுப்பில் ஜெபக்கனிக்கே பாடம் நடத்தியவர். அதனால் குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். அலுவலகத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது.

சாருக்கு யுத்தம் என்றால் உயிர். எந்தப் போரில் எத்தனை யானை நின்றது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நிஜத்தில் எறும்பை மிதிக்காத மனிதர். புத்தகத்தில் நாலு தலை உருண்டால்தான் இவருக்குச் சோறு இறங்கும் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. இந்தக் காலத்தில் யுத்தத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஹாக்கி மைதானத்துக்குத்தான் போக வேண்டும் என்பது சாரின் கட்சி. அப்படித்தான் விளையாட்டு எழுத வந்தார்.

மூன்று ஆட்டங்களுக்கு ஒழுங்காகச் செய்தி எழுதிக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில் மாதம் ஒன்று உங்களுக்கு என்று ஜெபக்கனி சொல்லியிருந்தார். அறுபது வயதில் முதன்முதலாகத் தன் பெயர் அச்சில் வரப்போகிறது என்று சார் பெங்களூரில் இருக்கும் மகன் வரைக்கும் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு செய்திகளில் இருந்த ரத்தத்தையெல்லாம் ஜெபக்கனி பேனாவால் துடைத்து அனுப்பினார். மூன்றாவது, ஹாக்கிப் போட்டியின் அரையிறுதி. அன்று ஜெபக்கனி வேறொரு ஆட்டத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தார். சார் எழுதியது நேராக அச்சுக்குப் போயிற்று.

குதிரைப்படை புகுந்தது, கோட்டை விழுந்தது, முழங்காலில் அடிபட்ட பின்கள ஆட்டக்காரரைப் பற்றி ‘சாய்ந்தது ஒரு கோபுரம்’ என்று தனியாக ஒரு பாரா. தோற்ற அணியின் ‘பதினொரு வீரர்களும் மண்ணைக் கவ்வினர்’ என்று முடித்திருந்தார். இடம் போதவில்லை. அடியில் வழக்கமாக வரும் ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பத்துப் பேர் போன் செய்து பாராட்டினார்கள். சார் அலுவலகத்துக்குக் கடலைமிட்டாய் வாங்கி வந்தார்.

பதினொரு மணிக்கு இசக்கிராஜ் வந்தான். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறவன், தோற்ற அணியின் மாற்று கோல்கீப்பர். கடைசி ஆறு நிமிடம் உள்ளே இறங்கி இரண்டு பெனால்டி கார்னரைத் தடுத்தவன். கையில் அதே பத்திரிகை ஐந்து பிரதி வைத்திருந்தான்.

“நல்லா எழுதிருக்கீங்க சார். எம்பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?”

சார் கொஞ்சம் தடுமாறி, பதினொரு வீரர்களும் என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினார். இசக்கிராஜ் அதை நிதானமாகப் படித்தான்.

“நான் பதினொண்ணுல இல்ல சார். பன்னெண்டாவது.”

அவன் முகத்தில் கோபமே இல்லை. ஐந்து பிரதிகளையும் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான். சாருக்கு அதுதான் தாங்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து திரும்பி அடுத்த மேசையில் இருந்த ஜெபக்கனி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சார் அவரிடம் போய், பத்தி கித்தி எல்லாம் வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்றார். ஜெபக்கனி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“நாளைக்கு மூணாவது இடத்துக்கு ஒரு மேட்ச் இருக்கு. அதுக்குப் போங்க சார். ரெண்டு டீம்லயும் சேர்த்து முப்பத்தாறு பேர். ஒவ்வொருத்தர் பேரையும் அவங்கவங்க வாயாலயே கேட்டு எழுதிட்டு வாங்க.”

மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். சார் நோட்டோடு இரண்டு மணிக்கே போய்விட்டார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள், அப்பா பெயர் கேட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒருவர் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, எழுதியதைத் திருப்பிக் காட்டச் சொன்னார். இசக்கிராஜ் ‘செ’ என்ற தலைப்பெழுத்தை மறக்காமல் போடச் சொன்னான். சாய்ந்த கோபுரம் கட்டுப் போட்ட முழங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் அந்தோணி மைக்கேல். வீட்டில் மூன்று மாதக் குழந்தை, ரெண்டு நாளாகத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்க முடியவில்லை என்றார். சார் அவர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து எழுதினார். ஆட்டத்துக்கு ஆறு வரி, அதற்குக் கீழே முப்பத்தாறு பெயர்கள். ஜெபக்கனி ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பினார்.

சார் எழுந்து போகவில்லை.

“ஒண்ணு கேக்கணும் மேடம். அத்தனை யுத்தத்தையும் முப்பது வருஷமா ரசிச்சு ரசிச்சுப் பிள்ளைகளுக்குச் சொன்னேனே. அது தப்பா?”

ஜெபக்கனிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதைவிடப் பிரியமாக இருந்தது. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தூங்கியதில்லை, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நிற்பார்கள் என்று சொன்னார். நான் எழுத வந்ததே உங்களால்தான் என்றும் சொன்னார்.

பிறகு மேசை டிராயரைத் திறந்து, பழுப்பு அட்டை போட்ட பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். ஜெபக்கனியின் ஒன்பதாம் வகுப்புச் சரித்திர நோட்டு. ஒரு பக்கத்தைப் பிரித்து சார் முன்னால் வைத்தார்.

சார் சொல்லச் சொல்ல எழுதிய வரி: ‘இப்போரில் இருபதாயிரம் வீரர்கள் மாண்டனர்.’

அதன் கீழே பென்சிலில் ஒரு சிறுமியின் கையெழுத்து: ‘அவர்கள் பெயர்?’

அதற்கும் கீழே சிவப்பு மையில் மூன்றாவதாக ஒரு வரி: ‘பரீட்சைக்கு வராது.’ அது தன் கையெழுத்துதான் என்று சாருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

சார் அந்தச் சிவப்பு வரியை விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

ஜெபக்கனி நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்தார்.

“ஞாயித்துக்கிழமைப் பத்தி எழுதிக் குடுங்க சார். இந்தப் பரீட்சைக்குப் பேரு வரும்.”