அரிஷ்டத்துக்கு ஒரு சாட்சி

தாராபுரத்திலிருந்து பழனிக்குப் போகும் சாலையில், ஊருக்கு வெளியே, ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் பூவாத்தாள் அம்மையார். வயது நாற்பதுதான். ஆனாலும் அறுபதைத் தொட்டவர்கள்கூட அவரைத் தாயி என்றே கூப்பிட்டார்கள்.

அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர் நாச்சிமுத்து. மூலனூரில் முருங்கைக்காய் மண்டி வைத்திருந்தார். வாரம் தவறாமல் மடத்துக்கு வருவார், கண்ணை மூடி உட்காருவார், போகும்போது ஏதாவது ஒரு சந்தேகம் கேட்பார். அவர் குடிகாரர் இல்லை. விசேஷம் என்றால் மட்டும்தான் குடிப்பார். விசேஷங்கள் அவருக்கு அடிக்கடி வந்தன.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், வெயில் தாழும் நேரத்தில், அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். எப்போதும் காரில் வருகிறவர். முகம் வெளிறியிருந்தது. தண்ணீர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் போலீஸ் நிறுத்தி மெஷினில் ஊதச் சொன்னது. ஊதினார். அளவு எக்கச்சக்கமாகக் காட்டியது. காரையும் லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இது முதல் தடவையும் இல்லை. போன வருடமே ஒருமுறை மாட்டி, வீட்டுக்குத் தெரியாமல் அபராதம் கட்டிவிட்டு வந்திருக்கிறார். இரண்டாவது தடவை என்றால் இரண்டு வருடம் வரைக்கும் உள்ளே போடச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று வக்கீல் சொல்லிவிட்டார். நாளைக் காலையில் கோர்ட். மாசியில் மகளுக்குக் கல்யாணம்.

“ஜெயில நெனச்சாத் தூக்கமே வர மாட்டீங்குதுங்க தாயி,” என்றார்.

“வக்கீல் என்ன வழி சொல்றாருங்கண்ணா?”

வக்கீல் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது. அதில் ஜெயில் இல்லாமலும் போகலாம், இருந்தாலும் இருக்கலாம். இன்னொன்று, வழக்கை எதிர்த்து நிற்பது. மெஷினைச் சரிபார்த்த சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தமும் எடுக்கவில்லை. இரண்டும் நல்ல பிடிதான். அதோடு, அன்றைக்குச் சளிக்காக, புளிக்கவைத்துச் செய்யும் அரிஷ்ட மருந்தைக் குடித்திருந்தார், மெஷின் காட்டியது அதைத்தான் என்று மதிப்புள்ள ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டால் கேஸ் நிற்காது.

நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மடத்துல அரிஷ்டம் குடுக்கறது ஊருக்கே தெரியுமுங்க. தாயி வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்றும் கேட்கவில்லை.

“ரொம்பப் பயமா இருக்குதுங்களா?”

“ஆமாங்க.”

“என்னென்ன பயம்?”

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜெயில் பயம். லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். பேப்பரில் பெயர் வந்துவிடுமோ, சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, மண்டிக்கு வரும் விவசாயிகள் சிரிப்பார்களோ என்ற பயம். சொல்லச் சொல்ல வேர்த்தது. அம்மையார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

“சரி, வாங்கண்ணா. கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்.”

சாலை நிறையப் பாதயாத்திரைக்காரர்கள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக, பழனியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். இடது ஓரம்தான் அவர்களுக்குப் பாதை. வண்டிகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் வந்தன. அம்மையார் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். நாச்சிமுத்து அவருக்குப் பக்கத்தில் நடந்தார்.

இருபது வருடமாக இதே சாலையில் கார் ஓட்டுகிறவர் அவர். அதன் ஓரத்தில் ஒரு நாளும் நடந்ததில்லை.

முதல் பஸ் போனபோது அதன் காற்றே அவரை ஒரு பக்கமாகத் தள்ளியது. அடுத்து ஒரு கார், சத்தமே இல்லாமல் வந்து இடுப்பை உரசுகிற மாதிரி போனது. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பொழுது சாய்ந்து கொண்டிருந்ததால் விளக்கு வெளிச்சம்தான் தெரிந்ததே ஒழிய, அதற்குப் பின்னால் இருக்கும் ஆளின் முகம் தெரியவில்லை.

அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் தலையில் மூட்டையும் தோளில் குழந்தையுமாக நடந்து போனாள். குழந்தை பின்பக்கம் பார்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“தாயி, அந்தப் பக்கமாப் போயிரலாமுங்க. அங்கன்னா வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும்,” என்றார் நாச்சிமுத்து.

“இவங்கெல்லாம் இப்படித்தானுங்களே போறாங்க.”

“எந்த வண்டி எப்புடி வருதுன்னு யாருக்குத் தெரியுமுங்க?”

“யாருக்கும் தெரியாதுங்கண்ணா.”

நாச்சிமுத்துவுக்குக் கோர்ட் மறந்துபோனது. மகள் கல்யாணம் மறந்துபோனது. கால்கள் தார் ரோட்டை விட்டு மண்ணிலேயே நடக்கப் பார்த்தன. மண் கொஞ்சம்தான் இருந்தது, அதற்கப்பால் பள்ளம்.

அப்போது பின்னால் யாரோ கத்தினார்கள். அவர் திரும்பினார். ஒரு சரக்கு லாரி, மண்ணில் ஒரு சக்கரத்தை இறக்கி, மறுபடி ரோட்டில் ஏறி, மறுபடி இறங்கி வந்துகொண்டிருந்தது. ஹாரன் அடிக்கவில்லை. வேகமும் குறையவில்லை. பச்சைத் துணிகள் நாலாபக்கமும் சிதறின.

என்ன செய்தோம் என்று பிறகு யோசித்தபோது அவருக்கே ஞாபகம் வரவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். எல்லோருமாகப் பள்ளத்தில் விழுந்தார்கள். லாரி அவர்கள் நின்ற இடத்தின் மேலேயே போய், ரோட்டில் ஏறி, நிற்காமல் போய்விட்டது.

யாருக்கும் அடி இல்லை. மூட்டை மட்டும் சக்கரத்தில் மாட்டி நசுங்கிப் போயிருந்தது. பொரியும் வெல்லமும் தார் ரோட்டில் அப்பிக் கிடந்தன. குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது. அந்தப் பெண் குழந்தையின் தலை, கை, கால் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் சரியாக இருந்தும் நிறுத்த முடியவில்லை அவளால்.

அம்மையார் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

நாச்சிமுத்து லாரி போன திசையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

“குடிச்சிருக்கறானுங்க தாயி. பாத்தாலே தெரியுது. இவனயெல்லாம் சும்மா உடக்கூடாதுங்க. புடிச்சு உள்ள போடோணும்.”

அம்மையார் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“அப்புடிச் சொல்லாதீங்கண்ணா. அவருக்கும் நல்ல வக்கீல் ஒருத்தரு இருப்பாரு. அரிஷ்டம் குடுத்தது நாந்தான்னு அவருக்கும் நான் வந்து சொல்லோணும்.”