மீன் வாடைக்கு ஒரு கூடை

குழந்தைகளே, ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அங்கே கரையோர வளை ஒன்றில் கயலி என்ற நீர்நாய் தன் கணவன் மாறனோடு வாழ்ந்துவந்தாள்.

கயலி கடும் உழைப்பாளி. விடியும் முன்பே ஆற்றில் இறங்குவாள். வெயில் ஏறுவதற்குள் மடவையும் கெளுத்தியுமாக மீன்களைப் பிடித்துத் துறையில் குவித்துவிடுவாள். மேட்டுக்காட்டிலிருந்து கரடியும் காட்டுப்பன்றியும் கிழங்கு, பழம் கொண்டுவந்து கொடுத்து மீன் வாங்கிப் போவார்கள்.

அந்த வருடம் காட்டில் ஓர் இருமல் நோய் பரவியது. காலையில் இருமத் தொடங்கிய மான் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அரசரான யானை பயந்துபோனார். கிளியை அழைத்து ஊரெங்கும் சொல்லச் சொன்னார்.

"நோய் தீரும்வரை யாரும் துறையில் கூடக் கூடாது! ஆற்றில் இறங்கவும் கூடாது! இது அரச கட்டளை!"

கிளி கத்திவிட்டுப் போனபோது கயலி அன்று பிடித்த மீன்கள் துறையில் மலைபோலக் கிடந்தன. வாங்க ஒருவரும் வரவில்லை. கயலியும் மாறனும் தின்ன முடிந்ததைத் தின்றார்கள். மீதி மூன்றாம் நாள் நாறிப்போயிற்று.

அதன் பிறகு பசிதான். கயலி சேற்றைத் தோண்டிச் சின்ன நண்டுகளைத் தேடினாள். ஒரு நாள் கிடைத்தது, இரண்டு நாள் கிடைக்கவில்லை. இதற்கிடையில் மாறனும் இருமத் தொடங்கினான்.

"கொஞ்சம் இறங்கி ஒரே ஒரு மீன் பிடித்து வரட்டுமா?" என்று கேட்டாள் கயலி.

"வேண்டாம். நோய் தண்ணீரில்தான் இருக்கிறதாம். உனக்கும் வந்துவிட்டால் இந்த வளையில் யார் மிஞ்சுவார்கள்?" என்றான் மாறன்.

நாற்பது நாள் கழித்துக் கிளி மறுபடியும் வந்தது.

"மீனை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அரசர் கிழங்குக் கூடைகள் அனுப்பியிருக்கிறார்! ஆலமரத்தடியில் ஆமையாரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்!"

ஆமையார் தம்மிடம் சொன்னதை அப்படியே செய்பவர். அதற்கு மேல் ஓர் அங்குலமும் யோசிக்க மாட்டார். கயலி அவர் முன்னால் போய் நின்றதும் கழுத்தை நீட்டி முகர்ந்தார்.

"உன் மேல் மீன் வாடை இல்லையே!"

"துறையை மூடிவிட்டீர்களே, ஐயா. தண்ணீரில் கால் வைத்தே நாற்பது நாளாகிறது."

"மீன் வாடை வீசுகிறவர்களுக்கு மட்டும் கொடு என்பது எனக்கு வந்த உத்தரவு. தள்ளி நில். அடுத்தது யார்?"

அடுத்து நின்றவன் நரி. பிறர் உழைப்பில் வயிறு வளர்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் மேல் அடித்த வாடையில் ஆமையாருக்கே கண் கலங்கிவிட்டது.

"பாவம், நல்ல உழைப்பாளி!" என்று சொல்லி ஒரு கூடையை எடுத்துக் கொடுத்தார்.

கயலிக்கு எதுவும் புரியவில்லை. திரும்பும் வழியில் துறையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவள் பிடித்து அழுகிப்போன மீன்கள் மேல் நரியின் சொந்தபந்தமெல்லாம் படுத்து உருண்டுகொண்டிருந்தன.

"என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"வேலை பார்க்கிறோம், அக்கா" என்றது ஒரு நரி.

பக்கத்து மரத்திலிருந்த கூழைக்கடாப் பறவையும் மீன் பிடித்துப் பிழைத்தவர்தான். அவருக்கும் கூடை கிடைக்கவில்லை. "நீயும் ஒரு தரம் உருண்டுவிட்டுப் போயேன், தங்கச்சி. உன் மீன்தானே?" என்றார்.

கயலிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வளைக்குள்ளிருந்து மாறனின் இருமல் கேட்டது. மறுநாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு துறைக்குப் போனாள். அங்கே ஒரு செதில்கூட மிச்சமில்லை. நரிகள் எல்லாவற்றையும் துடைத்து எடுத்திருந்தன. ஈர மணலில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தாள். பிறகு எழுந்து மறுபடியும் ஆமையாரிடமே நடந்தாள்.

ஆமையார் முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினார். இந்த முறை கயலி நகரவில்லை. குரலை உயர்த்தவும் அவளுக்குத் தெம்பில்லை.

"ஐயா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அரச கட்டளையை மதித்து ஆற்றில் இறங்காமல் இருந்தவர் மேல் மீன் வாடை எப்படி வரும்?"

"வராது."

"அப்படியானால் வாடையோடு வந்து வாங்கிப் போனவர்கள் யார்?"

ஆமையார் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்ற நரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதருக்குள் நழுவின. பிறகு அவர் கூடைகள் இருந்த பக்கம் பார்த்தார். அரைக் கூடைக் கிழங்கு மட்டுமே இருந்தது.

"என்னிடம் சொன்னதைத்தான் செய்தேன், அம்மா" என்றார். அந்த அரைக் கூடையை அவரே தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார்.

கயலி அதில் பாதியைக் கூழைக்கடாவிடம் கொடுத்தாள். மீதியை வளைக்குக் கொண்டுபோய்க் கிழங்கை மென்று மென்று மாறனுக்கு ஊட்டினாள். அன்று அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு வாரத்தில் மாறன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். இருமலும் அடங்கியது.

அடுத்த பௌர்ணமிக்குத் துறையைத் திறந்தார்கள். கிளி வளைக்கு மேலே பறந்து கத்தியது.

"அரசரின் கருணையால் மீனை நம்பிப் பிழைத்தவர் எல்லோருக்கும் உதவி போய்ச் சேர்ந்தது! ஒருவர்கூட விடுபடவில்லை!"

"கேட்டாயா? போய் அரசரிடம் நடந்ததை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரக் கூடாதா?" என்றான் மாறன்.

கயலி வானத்தை ஒரு முறை பார்த்தாள்.

"அதற்கு அரை நாள் போய்விடும். மீன் யார் பிடிப்பது?" என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கினாள்.

இந்தக் கதை சொல்லும் நீதி: துன்பப்படுகிறவர் யாரென்று தேடிப் பார்க்காமல் கொடுக்கும் உதவி, துன்பப்படுவதுபோல நடிக்கத் தெரிந்தவருக்கே போய்ச் சேரும்.