பொடவ ஒண்ணு

செஞ்சிப் பக்கம், ஒரு பாறைக் குன்றின் அடியில் சின்னதாக ஒரு மடம். அதை நடத்தி வந்தவர் ஞானாம்பிகை. வயது நாற்பத்தொன்று. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கலியபெருமாள் ஐயாவுக்கு அறுபத்து மூன்று. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒன்பதாம் வகுப்பில் ஞானாம்பிகைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரே இந்த ஐயாதான். அன்று வாங்கிய குட்டு இன்னும் வலிப்பதாக ஞானாம்பிகை சிரித்துக்கொண்டே சொல்வார். ஐயா ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்பு மைப் பேனா மட்டும் ஓய்வு பெறவில்லை.

தீபாவளிக்கு மடத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. ஊர்க்கோடியில் இருந்த குழந்தைகள் விடுதியில் ஆதரவில்லாத பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டுகளை மடத்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வருகிற அன்பர்கள் கைக்கு எட்டின சீட்டை அவிழ்த்துக்கொண்டு போய், அதில் இருப்பதை வாங்கி வந்து கொடுப்பார்கள்.

இந்த வருஷம் அந்தப் பொறுப்பு ஐயாவுக்கு வந்தது.

“புள்ளைங்க எழுதினது எழுதினபடியே இருக்கட்டும் ஐயா,” என்றார் ஞானாம்பிகை.

“ஆகட்டும்மா.”

ஆகட்டும் என்றாரே ஒழிய, அன்று மாலையே பேனாவின் மூடி திறந்துவிட்டது. பிழையோடு ஒரு காகிதம் மரத்தில் ஆடினால் ஐயாவுக்குச் சோறு இறங்காது. ‘ஷூ’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். ஐயா அதை அடித்துவிட்டுக் ‘காலணி’ என்று எழுதினார். சீட்டை எடுத்துப் போன அன்பர் ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். அவரை என்ன சொல்வது, செருப்பும் காலணிதானே.

பூவரசி என்ற எட்டு வயதுப் பெண்ணின் சீட்டில் ‘பொடவ ஒண்ணு’ என்று இருந்தது. ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். எட்டு வயசுக்குப் புடவை எதற்கு? எழுத்து இடம் மாறிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். முத்து முத்தான கையெழுத்தில் ‘பாவாடை ஒன்று’ என்று திருத்தி, மரத்தில் கட்டினார்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் விடுதியில் பரிசுகளைக் கொடுத்தார்கள். பூவரசிக்கு வந்தது அரக்குக் கரை போட்ட பச்சைப் பட்டுப் பாவாடை. பார்த்த பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். ஐயாவுக்கே பெருமை தாங்கவில்லை.

பூவரசி பாவாடையைத் தூக்கிவிட்டு, அது வந்த அட்டைப் பெட்டிக்குள் அடியில் எதையோ தேடினாள். அட்டையைக் கூடப் பிரித்துப் பார்த்தாள். பிறகு தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் புகைப்படத்தை எடுத்து வந்தாள். அதைச் சுவரில் சாய்த்து வைத்து, பக்கத்தில் பாவாடையை விரித்துப் பார்த்தாள்.

“அக்கா,” என்று விடுதியை நடத்தும் லூர்துமேரியைக் கூப்பிட்டாள். “இது எங்கம்மாவுக்குப் பத்தாதே.”

ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “யாருக்குப் பத்தாது?”

லூர்துமேரி அவரைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“இந்த மாசியில அவங்கம்மா தவறிட்டாங்க ஐயா. இவங்க வீட்டுப் பழக்கம், தீபாவளிக்கு மறுநா நோம்பன்னிக்கு செத்துப்போனவங்களுக்குப் புதுப் பொடவ வச்சுப் படைப்பாங்களாம். நாளன்னிக்கு நோம்பு. அம்மாவுக்கு இதுதான் மொதப் படையல். எனக்கு எதுவும் வேணாங்க்கா, அம்மாவுக்கு ஒரு பொடவ கேட்டு எழுதறேன்னு சொல்லிட்டுத்தான் எழுதுனா.”

உள்ளே பூவரசி அழவில்லை. பாவாடையை மடிப்புக் கலையாமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

“பொடவ இல்லன்னா அம்மா வந்து பாத்துட்டு வெறுங்கையோட போயிடும்,” என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடையை மறந்தார், செருப்பை மறந்தார். தூறலில் நனைந்துகொண்டே மடத்துக்கு ஓடி வந்தார். அறுபத்து மூன்று வயசு மனிதர் ஓடுவதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

ஞானாம்பிகை அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“பாகு பதம் தப்பிடும். நான் கிண்டிக்கிட்டே கேக்கறேன், சொல்லுங்க ஐயா.”

ஐயா சொன்னார். மூச்சு வாங்க, ஒன்று விடாமல் சொன்னார்.

“தீபாவளியும் அதுவுமா ஒரு எட்டு வயசுப் பொண்ணு வேற என்ன கேக்கப்போவுதுன்னு நெனச்சுட்டேம்மா. செத்துப்போனவளுக்குத் துணி கேக்கும்னு எனக்கு எப்படித் தோணும்?”

“சீட்டு இருக்கா?”

பரிசோடு வந்திருந்த சீட்டை லூர்துமேரியிடம் வாங்கி வந்திருந்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

“படிங்க.”

“பாவாடை ஒன்று.”

“அது நீங்க எழுதுனது. அவ எழுதுனதப் படிங்க.”

ஐயா சிவப்புக் கோட்டுக்கு அடியில் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“பொடவ... ஒண்ணு.”

ஞானாம்பிகை பாகைக் கிண்டினார்.

“இப்பவே செஞ்சிக்குப் போறேம்மா. கடை தொறந்துதான் இருக்கும். நல்ல செவப்புல, பெருசா ஜரிகை போட்டதா பாத்து...”

“செவப்புன்னு அவ எங்க எழுதியிருக்கா?”

ஐயா சீட்டைத் திருப்பிக்கூடப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“முப்பத்தாறு வருஷம்மா,” என்றார். “எத்தனை புள்ளைங்க எழுதுனத இந்தக் கையால அடிச்சிருப்பேன். இத்தன நாளும் சரி பண்றோம்னுதானே நெனச்சுக்கிட்டிருந்தேன்! என்னால தாங்க முடியலம்மா. எனக்கு ஒரு வழி சொல்லுங்க.”

ஞானாம்பிகை வாணலியை இறக்கி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, மரத்தில் கட்டியது போக மீந்திருந்த வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

“உங்களுக்கும் தீபாவளிதானே. என்ன வேணுமோ எழுதுங்க.”

ஐயா எழுதினார். கொம்பு, கால், ஒற்று எதிலும் பிழை இல்லை.

‘மன்னிப்பு வேண்டும்.’

“பேனாவக் கொடுங்க ஐயா.”

கொடுத்தார். ஞானாம்பிகை அந்த முதல் சொல்லின் மேல் நீளமாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். அதற்கு மேலே, ஐயா சொல்லிக்கொடுத்த அதே முத்து முத்தான கையெழுத்தில், ‘மத்தாப்பு’ என்று எழுதினார். மாடத்தில் இருந்த மத்தாப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, நனைந்திருந்த அவர் கையில் வைத்தார்.

ஐயா பெட்டியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார்.

“அம்மா... நான் கேட்டது இது இல்லம்மா!”

“தீபாவளியும் அதுவுமா,” என்றார் ஞானாம்பிகை, “வேற என்ன ஐயா கேக்கப்போறீங்க?”

ஐயா எழுந்து, மத்தாப்புப் பெட்டியும் கையுமாகத் தூறலில் இறங்கி விடுதிப் பக்கம் நடந்தார். என்ன நிறம் என்று பூவரசியைக் கேட்க வேண்டும்.